வண்டி எங்கே நிற்கிறது?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலைப்பாதையில் சேறு கண்டால் ஒதுங்கி நடக்கிறவன் நான். காலணி புதிது, காலுறை நனைந்தால் கொப்புளம் வரும், இன்னும் நான்கு மணி நேர நடை பாக்கி இருக்கிறது. காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பாதைக்கு இரண்டடி தள்ளிப் புல் பச்சையாக, உலர்ந்து கிடக்கும். அதில் காலை வைத்து நான்கே எட்டில் சேற்றைக் கடந்து மறுபடி பாதைக்கு வந்துவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

என்ன நஷ்டம் என்பதை ஒரு நாள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பார்க்க நேர்ந்தது. மலைப்பாதைகளைச் செப்பனிடும் தன்னார்வலர்களோடு, மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்துக்குப் போயிருந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மறுமுனையைப் பிடித்திருந்த பெரியவர் பாதையின் குறுக்கே நடந்துகொண்டே இருந்தார். பாதை முடிகிற வழியாக இல்லை. நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதுதான் ஆதிப் பாதை. அதன் இருபுறமும் அவிழ்ந்த கயிற்றின் புரிகளைப் போலப் பிரிந்தும் சேர்ந்தும் ஆறு தடங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் ஒன்றைப் பெற்றுப் போட்டிருக்கிறது என்றார் அவர். கடைசியில் நாடாவைப் பார்த்து எண்ணைச் சொன்னார்: பதினான்கு மீட்டர். ஒரு ஆள் நடக்க அரை மீட்டர் போதும்.

"இத்தனை தடத்தையும் யார் போட்டது?" என்று கேட்டேன். அவர் என் காலணியை ஒரு முறை பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

மதியம் மழை விட்ட இடைவெளியில் அவராகவே பேச்சைத் தொடங்கினார். "தம்பி, மனிதர்கள் வேண்டுமென்று பாதையை விட்டு விலகுவதில்லை. பாதைதான் அவர்களைத் தள்ளிவிடுகிறது" என்பது அவர் கட்சி. சரிவின் போக்கிலேயே நேராக ஏறும் பாதை மழை நாளில் ஓடையாகிவிடும். தண்ணீர் மண்ணைக் கொண்டுபோய்க் கல்லை மட்டும் மிச்சம் வைக்கும். உருளும் கல்லில் நடக்க யாருக்கும் பிடிக்காது; ஓரத்துப் புல்லுக்குப் போவார்கள். அதனால் பாதை போடுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பாதையின் ஏற்றம், அது குறுக்கே போகும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மழைநீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து கீழே இறங்கத் தொடங்கிவிடும். படிக்கல் கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டால் போதும், இறங்குகிறவர்கள் முழங்காலுக்குப் பயந்து பக்கத்துப் புல்லில் இறங்குவார்கள். கொண்டை ஊசி வளைவில் மேல் தடத்திலிருந்து கீழ்த் தடம் கண்ணில் பட்டால் குறுக்குவழி நிச்சயம். இடையில் ஒரு பாறையோ புதரோ மறைத்தால் அதே ஆள் சாதுவாகச் சுற்றிப் போவார்.

பாதையோரத்தில் கோணல்மாணலாகப் பெரிய கற்கள் கிடந்தன. மேலிருந்து உருண்டு வந்தவை என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் கடப்பாரை போட்டு நெம்பி, கூர்ப்பக்கம் மேலே தெரியும்படி பாதி புதைத்து வைத்தது என்று அன்றுதான் தெரிந்தது. கால் வைக்க வசதி இல்லாத இடத்தில் மனிதன் நடக்க மாட்டான். 'விலகி நடக்காதீர்' என்ற பலகையைவிட அந்தக் கல் நன்றாக வேலை செய்கிறது. தவிர, அது யாரையும் திட்டுவதில்லை.

மிதிபடுவதை அளப்பதற்கென்றே ஆய்வு முறை ஒன்று இருக்கிறது என்று பிறகு படித்தேன். டேவிட் கோல், நீல் பேஃபீல்ட் என்ற இருவர் 1993இல் வகுத்தது. அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் பக்கம் பக்கமாகச் சில பட்டைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை அப்படியே விட்டுவிட வேண்டும். மற்றவற்றின் மேல் 25 முறை, 75 முறை, 200 முறை, 500 முறை என்று கணக்காக நடக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் ஓர் ஆண்டு கழித்தும் வந்து எவ்வளவு செடி மிஞ்சியிருக்கிறது என்று எண்ண வேண்டும். ஓர் ஆய்வாளர் நாள் முழுவதும் ஒன்றரை மீட்டருக்குள் போய்ப் போய் வருவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் இப்படிப்பட்ட நடைகளிலிருந்து கிடைத்த முடிவு மலைத் திட்டமிடலின் அடிப்படையையே அசைத்தது.

சேதம் மிதிகளின் எண்ணிக்கையோடு சீராகக் கூடிக்கொண்டே போவதில்லை. முதல் சில மிதிகளில்தான் பெரும்பகுதி அழிகிறது. பிறகு வரைபடத்தில் அந்தச் சேதத்தின் வளைவு தணிந்து, ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. நிழலில் வளரும் மென்மையான இலைச் செடிகள் நூறு மிதியைக்கூடத் தாங்குவதில்லை. கோரையும் புல்லும் சில நூறு தாங்கும். ஏற்கெனவே மண் தெரியும் பாதையில் ஐந்நூறு பேருக்குப் பதிலாக இருநூற்றைம்பது பேரை விட்டாலும் திரும்பக் கிடைப்பது சொற்பம். 'கூட்டத்தைப் பிரித்துவிடுவோம்' என்று பக்கத்தில் இன்னொரு பாதையைத் திறந்தால் இன்னொரு மலைச்சரிவு போய்விடும். சேற்றின் நடுவே சப்சப்பென்று மிதித்துப் போன ஆயிரம் பேரைவிட, காலணி அழுக்காகாமல் நான்கு எட்டு வைத்த நான் செய்த சேதம் அதிகம். இதை எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதே வளைவு எதிர்த்திசையிலும் பேசும். ஆண்டுக்குப் பத்துப் பேர் போகும் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் நடந்தால் புதுத் தடம் பிறக்கும்; ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நடந்தால் பிறக்காது. பாதைகளே அதிகம் இல்லாத அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் உட்பகுதிக்குப் போகிறவர்களிடம் அப்படிப் பிரிந்து நடக்கத்தான் சொல்கிறார்கள். கூட்டம் மிகுந்த இடத்தில் எல்லோரும் ஒரே கோட்டில். கூட்டமே இல்லாத இடத்தில் யாரும் ஒரே கோட்டில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடங்கள்தான் அபாயமானவை. இணையத்தில் ஒருவர் படம் போட்டதைப் பார்த்து வாரம் முப்பது பேர் தேடிப் போகிற, பாதை போடப்படாத அந்தச் சின்ன ஏரிக்கரைகள் இந்த ரகம்.

மலைப் பகுதிக்குத் திட்டம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்பது. மேய்ச்சல் நிலம் இத்தனை மாட்டைத் தாங்கும் என்று சொல்வதுபோல் மலைக்கும் ஒரு தாங்குதிறன் இருக்கும், நிபுணர்கள் அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்க வனவியலாளர் ஆலன் வாகர் 1964இல் இந்தக் கணக்கைத்தான் கையில் எடுத்தார். சூழலியலை மட்டும் வைத்து விடை காண முடியாது, அந்த இடத்திலிருந்து மனிதர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் கணக்கில் வந்தாக வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றார். 1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். மனிதன் கால் வைத்தால் மாற்றம் நடக்கத்தான் செய்யும்; எவ்வளவு மாற்றம் வரை பொறுத்துக்கொள்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதை அளந்துகொண்டே இருங்கள், வரம்பைத் தொடும்போது செயலில் இறங்குங்கள் என்றார்கள். மொன்டானா மாநிலத்தின் பாப் மார்ஷல் வனப்பகுதியில் முதலில் முயன்று பார்த்தார்கள். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் 'எவ்வளவு வரை' என்பதை நாடா வைத்து அளந்து சொல்ல முடியாது. அதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும், சண்டை போட வேண்டும். அதிகாரிகளுக்கு எண் பிடிப்பதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எண்ணே வீண் என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கும் ஹாஃப் டோம் பாறையில் கடைசி ஏற்றத்துக்கு 1919இல் இரும்புக் கம்பிவடம் கட்டினார்கள். பின்னாளில் அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் வரிசை தேங்கியது. 2010இல் அனுமதிச் சீட்டு முறை வந்தது. இப்போது நாளொன்றுக்கு சுமார் 300 பேர், குலுக்கல் முறையில். அங்கே எண் உயிர் காக்கிறது. ஃபூஜி மலையின் யோஷிடா பாதையிலும் 2024இல் கதவு போட்டு, நாளைக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள், கட்டணமும் வசூலித்தார்கள். செய்திகளில் அந்தக் கதவின் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கதவைவிட அதன் இருப்பிடம்தான் கண்ணில் உறுத்தியது. அது நிற்பது ஐந்தாம் நிலையத்தில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில். மலையின் மொத்த உயரம் 3,776 மீட்டர். அறுபது சதவீத உயரத்தை பஸ்ஸே ஏறிவிடுகிறது. அந்தச் சாலை திறக்கப்பட்டது 1964இல். சாலை போட்டு அறுபது ஆண்டு கழித்துக் கதவு போட்டிருக்கிறார்கள்.

டெனாலியில் இது தலைகீழாக நடந்தது. 1971இல் ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் நேராக இணைக்கும் நெடுஞ்சாலை முடிந்தது. இனிமேல் கார்கள் கூட்டமாக வரும் என்பது தெரிந்துவிட்டது. பூங்காவுக்குள் 148 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு சாலை. 1972இல் அதில் முதல் 24 கிலோமீட்டரோடு தனியார் கார்களை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் பஸ் மட்டும். கூட்டம் வந்த பிறகு தடுக்கவில்லை, வருவதற்கு முன்பே வாசலை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பின்னால் அதை எடுக்கச் சொல்லிக் கேட்கும் ஆளும் குறைவு. அனுபவித்திராத ஒன்றை யாரும் இழப்பதில்லையே.

நம் இலக்கணக்காரர்கள் குறிஞ்சிக்கு இலக்கணம் சொல்லும்போது 'மலையும் மலை சார்ந்த இடமும்' என்றார்கள். எனக்கு அதில் இரண்டாவது பாதி பிடிக்கும். மலையின் கதி சிகரத்தில் நிர்ணயமாவதில்லை. சார்ந்த இடத்தில் நிர்ணயமாகிறது. இன்றைக்கு அந்தச் சார்ந்த இடத்தின் பெயர் பார்க்கிங். வண்டி எங்கே நிற்கிறது, அங்கிருந்து எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும்? இந்த இரண்டைச் சொன்னால் மேலே எத்தனை பேர் இருப்பார்கள், பாதை எவ்வளவு அகலமாக இருக்கும், குப்பை எதுவரை இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். வேலி, காவலர், அபராதம் எல்லாம் பிற்சேர்க்கை.

திட்ட அறிக்கைகளில் 'சமநிலை' என்ற சொல் வராத பக்கம் இருக்காது. பாதுகாப்புக்கும் பொழுதுபோக்குக்கும் இடையே சமநிலை. எனக்கு இந்தச் சொல்லின் மேல் நீண்டநாள் சந்தேகம். 1916ஆம் ஆண்டின் அமெரிக்க தேசியப் பூங்காச் சட்டம், இயற்கையைக் காக்க வேண்டும், மக்கள் அனுபவிக்கவும் வகைசெய்ய வேண்டும், ஆனால் வருங்காலத் தலைமுறைக்குக் குறையாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நூறாண்டுக்கு மேல் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 1974இல் சாண்ட்ஃபோர்டு பிரபுவின் குழு இன்னும் வெளிப்படையாகப் பேசியது: இரண்டையும் இணக்கமாக நடத்தப் பாருங்கள், முடியாமல் மோதினால் பாதுகாப்புக்கே முதலிடம். குறைந்தபட்சம் தராசின் எந்தத் தட்டைப் பிடிப்பது என்று அதில் இருக்கிறது.

என் சந்தேகம் வேறு. சமநிலையை ஒவ்வொரு மலையிலும் தேடுவதால்தான் எல்லா மலையும் ஒரே மாதிரி ஆகிறது. இங்கே பாதி ரோப் கார், பாதி காடு. அங்கேயும் பாதி ரோப் கார், பாதி காடு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு திட்டமும் நியாயமான சமரசம். இருபது ஆண்டு கழித்து மொத்தமாகப் பார்த்தால் ரோப் கார் சத்தம் கேட்காத பள்ளத்தாக்கு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. மிச்சமிருப்பதில் பாதி, அந்த மிச்சத்தில் பாதி என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தால் சமரசம் எந்தத் திசையில் போகும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 1972இல் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஆல்ப்ஸ் முழுக்க ரோப் கார்களும் பனிச்சறுக்குத் தளங்களும் முளைத்துக்கொண்டிருந்த காலம். வாட்ஸ்மன் சிகரத்துக்கே ரோப் கார் போடும் யோசனை உலவியது. மாநில அரசு தன் பங்கு ஆல்ப்ஸ் முழுவதையும் ஒரே வரைபடத்தில் விரித்து மூன்று நிறம் அடித்தது. முதல் மண்டலம், ஊர்களும் ஏற்கெனவே வசதிகள் வந்துவிட்ட இடங்களும். அங்கே பொதுவாக அனுமதி உண்டு. இரண்டாவதில் திட்டத்துக்குத் திட்டம் ஆராய்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, 'சி' மண்டலம், மொத்தப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். அங்கே புதிய ரோப் கார் கிடையாது, பொதுப் போக்குவரத்துக்குச் சாலை கிடையாது, சறுக்குத் தளம் கிடையாது. விவசாயத்துக்கும் காட்டு வேலைக்கும் தேவையான பாதைகளுக்கு விலக்கு உண்டு.

'சி' மண்டலத்துக்குள் நடப்பவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை என்பதைத்தான் நான் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கதவு இல்லை, சீட்டு இல்லை, எண் இல்லை. வண்டியும் கம்பிவடமும் மட்டும் உள்ளே வரக் கூடாது. வாட்ஸ்மன் அதற்குள்தான் இருக்கிறது. இன்றும் நடந்துதான் ஏற வேண்டும். ரோப் காரே கூடாது என்றும் அந்தத் திட்டம் சொல்லவில்லை. ரோப் காருக்கு அதன் மலைகளைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றின் மேல் கண் வைக்காதே என்றது. சமநிலை ஒவ்வொரு மலையிலும் இல்லை, மலைத்தொடர் முழுவதிலும் இருக்கிறது.

வரைபடத்தில் அடித்த நிறம் கல்வெட்டு ஆகிவிடாது என்பதையும் அதே ஊர்க்காரர்கள் காட்டினார்கள். ரீட்பெர்கர் ஹார்ன் என்ற மலையில், இரண்டு சறுக்குத் தளங்களை இணைக்க 'சி' மண்டலத்துக்குள் ஒரு கம்பிவடப் பாதை போட வேண்டும் என்று இரண்டு சிற்றூர்கள் கேட்டன. 2016இல் ஊர் வாக்கெடுப்பு. இரண்டு ஊரிலும் பெரும்பான்மை ஆதரவு. 2017இல் மாநில அரசு எல்லைக்கோட்டை வளைத்தது. 45 ஆண்டுகளில் இல்லாத வழக்கம். பெரும் எதிர்ப்பு கிளம்பியதும் 2018இல் திட்டம் கைவிடப்பட்டது, பழைய எல்லை திரும்பி வந்தது. இதில் ஊர்க்காரர்களை வில்லன்களாக்க எனக்கு மனம் வரவில்லை. பனிக்காலத்தில் விருந்தினர் வராவிட்டால் அவர்கள் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவார்கள். எதிர்த்தவர்களில் பலர் தொலைவில் இருக்கும் நகரங்களில் வாழ்பவர்கள். ஆனால் அந்த மலையில் இன்னொரு குடியும் இருந்தது.

பிளாக் குரூஸ் என்ற காட்டுக்கோழி இனம். குளிர்காலத்தில் அது உயிர்வாழும் விதமே வேறு. தளர்ந்த பனியில் தோண்டிக்கொண்டு உள்ளே போய்க் கூரையை மூடிக்கொள்ளும். வெளியே உறைகுளிர் இருக்கும்போது அந்தக் குழிக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. நாளின் பெரும்பகுதி உள்ளேயே அசையாமல் கிடந்து, விடியலிலும் அந்தியிலும் கொஞ்ச நேரம் வெளியே வந்து மொட்டும் ஊசியிலையும் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். அந்த உணவில் சத்து மிகக் குறைவு. அதனால் செலவும் குறைவாக இருந்தாக வேண்டும். ஒருவர் தடத்தை விட்டு விலகிப் புதுப்பனியில் சறுக்கிக்கொண்டு வந்தால் கோழி குழியை உடைத்துக்கொண்டு பறக்கும். பறந்த செலவு, மறுபடி குழி தோண்டும் செலவு, தின்னாத நேரத்தில் தின்ன வேண்டிய ஆபத்து. சுவிட்சர்லாந்தில் ஆய்வாளர்கள் எச்சங்களைப் பொறுக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். தொந்தரவுக்கு உள்ளான பறவைகளின் எச்சத்தில் மன அழுத்தச் சுரப்பின் தடயம் கூடியிருந்தது. சறுக்கி வந்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஒரு பறவை எழுந்து பறந்தது, அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் சரி, நடக்க முடியாதவர்கள்? இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்பதற்கு முன்பே வீட்டில் பதில் இருக்கிறது. என் அம்மாவுக்கு மாடிப்படி ஏறுவதே பெரிய பாடு. ஒரு முறை ரோப் காரில் அழைத்துப் போனேன். மேல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே வரிசை கட்டி நின்ற மலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் பேசவில்லை. அம்மா அரை மணி நேரம் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. பிறகு தொலைவில் ஒரு முகட்டில் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "அவர் எந்த வண்டியில் வந்தார்?" என்று கேட்டார். காலில் வந்தார் என்றேன். நம்பவில்லை. அந்த ரோப் காரை நான் ஒருநாளும் பழிக்க மாட்டேன். ஆனால் அதில் ஏறி வந்த நாங்கள் ஐந்நூறு பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இறங்கி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நாடா பிடித்தவன் அல்லவா.

ஸ்காட்லாந்தின் கேர்ங்கார்ம் மலையில் இதை எழுத்தில் வைத்தே கட்டினார்கள். 2001இல் அங்கே மலை ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. மேல் நிலையம் இருப்பது ஏறக்குறைய 1,100 மீட்டரில். சிகரம் அங்கிருந்து 150 மீட்டர் ஏற்றம்தான். அதைச் சுற்றி ஆர்க்டிக் நிலம் போன்ற, மிக மெதுவாக வளரும் தாவரங்கள் கொண்ட மேட்டுச் சமவெளி. டாட்டரல், டார்மிகன் போன்ற பறவைகளின் இடம். எனவே அனுமதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது: பனியில்லாத காலத்தில் ரயிலில் வருபவர்கள் மேல் நிலையத்தை விட்டு மலைமேல் இறங்கி நடக்கக் கூடாது. கண்ணாடி வழியாகவும் மாடத்திலிருந்தும் பார்த்துவிட்டு அதே ரயிலில் இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டுச் சிகரம் கண்ணெதிரே நிற்கும்போது 'கதவு பூட்டியிருக்கிறது' என்றால் யாருக்கு எரிச்சல் வராது? பின்னாளில் வழிகாட்டியோடு நடக்க அனுமதித்துக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2018இல் தாங்கும் தூண்களில் கோளாறு கண்டு ரயிலையே நிறுத்த வேண்டி வந்தது தனிக்கதை. நிபந்தனையைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. பார்ப்பதற்கான உரிமை எல்லோருக்கும் உண்டு; கால் வைப்பதற்கான விலையை நடையில் கொடுக்க வேண்டும்.

இதே ஸ்காட்லாந்தில் எதிர் எல்லைக்குப் போனவர் ஒருவர் உண்டு. பெர்சி உன்னா, மலையேறிகள் சங்கத் தலைவராக இருந்தவர். கிளென்கோ பகுதியை வாங்கிப் பொது அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் பணம் திரட்டியதோடு, 1937இல் நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்தார். மலைகளை ஏறுவதற்கு எளிதாகவோ பாதுகாப்பாகவோ ஆக்கக் கூடாது. புதிய பாதையோ வழிகாட்டிப் பலகையோ வேண்டாம். படிக்கும்போது கை தட்டத் தோன்றுகிறது. ஆனால் பாதையே போடாமல் விட்ட மலையில் ஆயிரக்கணக்கான கால்கள் தாமாகவே பாதை போட்டன, பதினான்கு மீட்டர்க் கணக்கில். கடைசியில் அந்த அறக்கட்டளையே கல் அடுக்கிப் பாதை கட்ட வேண்டியதாயிற்று. பென் லாயர்ஸ் மலையில் சரிவின் மேலேயே பார்வையாளர் மையமும் கட்டினார்கள்; உன்னாவின் விதி என்ன ஆயிற்று என்று சண்டை நடந்தது. பின்னர் மையத்தை இடித்துவிட்டார்கள். அவர் சொன்னதில் பாதை பற்றிய பகுதி தோற்றது. சாலை பற்றி அவர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

பூட்டியே விடலாம் என்பவர்களுக்கு நந்தாதேவியைக் காட்டுவேன். 7,816 மீட்டர். 1974இல் அதன் உட்படுகை மலையேற்றக் குழுக்களுக்குத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே குப்பையும் வெட்டப்பட்ட மரங்களும் வேட்டையும். 1982இல் தேசியப் பூங்கா அறிவிப்பு, மலையேற்றத்துக்குத் தடை. படுகை தேறியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தடை அதே நீள அகலத்தில் சுற்றியிருந்த ஊர்கள் மேலும் விழுந்தது. சுமை தூக்கியும் வழி காட்டியும் சம்பாதித்தவர்களுக்கு வேலை போயிற்று, மேய்ச்சல் போயிற்று. அந்த ஊர்களில் ஒன்று ரேணி. 1974 மார்ச்சில் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காக்க நின்ற அதே ரேணி. காட்டைக் காத்தவர்களிடமிருந்து காட்டைக் காப்பாற்றிய விசித்திரம் இது. 2003இல் ஒரு சிறு பகுதி மட்டும் கட்டுப்பாடுகளோடு நடைப்பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. உட்படுகையை மூடியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையை யாரிடம் வசூலித்தார்கள் என்பதைச் சொல்லாமல் அதை வெற்றிக்கதையாகச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆண்டு அந்தப் பதினான்கு மீட்டர்ப் பாதைக்குத் திரும்பப் போனேன். பெரியவர் இப்போது வருவதில்லையாம், முழங்கால் வலி. அவர் குழு செய்துவைத்த வேலை இருந்தது. தட்டைக் கற்கள் பதித்து ஒரே பாதை, நடுவே கொஞ்சம் மேடாக, தண்ணீர் வழிந்தோடும் வாட்டத்தில். கூர்க்கற்கள் இருபுறமும். பழைய தடங்களில் நான்கின் மேல் சணல் வலை விரித்து முளை அடித்திருந்தார்கள். வலைக்கண்களில் புல் வந்திருந்தது, பக்கத்துப் புல்லைவிட ஒரு நிறம் வெளிறி. மற்ற இரண்டு இன்னும் வெறும் மண். ஓரமாக முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு.

திருப்பம் ஒன்றில் ஊற்று கசிந்து கற்களுக்கு மேலேயே சேறு படிந்திருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், வலையின் நடுவில், புல்லை அமுக்கிக்கொண்டு ஒரே ஒரு காலணித் தடம். புதிது; ஓரம்கூட இன்னும் சரியவில்லை. நான் சேற்றில் நின்றபடியே என் காலணியைக் கழற்றிக் கயிற்றுக்கு மேலாக நீட்டி அளவு பார்த்தேன். என்னுடையதைவிட ஒரு விரல் பெரிது.